பவர் போட்ட கூலிங் கிளாஸ் வைத்திருப்பவர்கள் வாங்க, அனுபவம் பேசுவோம்

ஈசூன்வாசி

தொடக்கப்பள்ளியில் ஏறிய கண்ணாடி இன்னும் மூக்கை விட்டு இறங்கவில்லை. கிட்டப்பார்வை. இப்போது இடது கண் 575 டிகிரி, அதாவது மைனஸ் 5.75 பவர், வலது 625, கூடவே கொஞ்சம் அஸ்டிக்மாடிசம். கழற்றிவிட்டால் வருவது 85-ஆ 858-ஆ என்று பேருந்து எதிரே வந்து நிற்கும்வரை தெரியாது. கடையில் தொங்கும் பத்து வெள்ளி கூலிங் கிளாஸ் எல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு வேடிக்கைப் பொருள்தான். ஆசைக்கு எடுத்து மாட்டினால், முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட முடியாது. எதிரே இருக்கும் நிலைக்கண்ணாடியே மங்கல்.

போன வருஷம் பவர் போட்டே ஒன்று செய்துகொண்டேன். வெயிலுக்கு அது அருமை. புற ஊதாக் குறியீடு மதியத்தில் 11-ஐத் தொடுகிற ஊர் நம் சிங்கப்பூர். அதற்குமேல் பிரிவே கிடையாது, 'மிகக் கடுமை' என்பதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு ஒத்துவராதது மாற்றி மாற்றிப் போடுவது. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கூரை போட்ட நடைபாதை, அங்கே சாதாக் கண்ணாடி. சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் வெயில், அங்கே கறுப்பு. எம்ஆர்டி ரயிலுக்குள் மறுபடி சாதா. எங்கே உள்ளே முடிகிறது, எங்கே வெளியே தொடங்குகிறது என்று தெரியாதபடிதான் ஊரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஏசி பேருந்திலிருந்து இறங்கியதும் எந்தக் கண்ணாடியானாலும் ஆவி படிந்துவிடும், அது தனிக் கதை.

சோம்பல்பட்டு ஒருநாள் கறுப்போடேயே லிஃப்டில் ஏறினேன். உள்ளே இருந்த மாமி, "என்னம்மா, கண்ணு சிவந்திருக்கா?" என்றபடி பேரனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மெட்ராஸ் ஐ என்று முடிவே கட்டிவிட்டார். கழற்றிக் காட்டி, "இல்லே மாமி, பவர் கண்ணாடிதான்" என்றேன். கழற்றியபின் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, நம்பினாரா என்று எப்படிச் சொல்வது?

நாள் முழுக்கக் கண்ணாடி போடுகிறவர்கள் எல்லாரும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


பிரைவேட் ஹயர் அண்ணன்

தங்கச்சி, வண்டி ஓட்டறவனுக்கு இந்த மாத்தற தொல்லை வேற மாதிரி. கேபிஇ விரைவுச்சாலையை எடுத்துக்குங்க, சுரங்கம் மட்டும் 9 கிலோமீட்டர். வெளியே சுள்ளுனு வெயில், மூக்குல கறுப்புக் கண்ணாடி, அப்படியே உள்ள நுழைஞ்சா கண்ணு பழக நேரம் எடுக்கும். 80-ல போற வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போயிடும். பவர் இல்லாதவன் கண்ணாடியைத் தூக்கி நெத்தியில மாட்டிக்குவான். நான் தூக்கினா முன்னாடி போற லாரியையும் சேர்த்துத் தூக்கின மாதிரிதான்.

அதனால நான் தனியா பவர் கூலிங் கிளாஸ் செய்யலை. சாதா பவர் கண்ணாடி, அதுமேல மேல தூக்கற ஃபிளிப்-அப் கிளிப். சுரங்கம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு விரலால தட்டிடுவேன். ஸ்டைல்னு சொல்ல முடியாது. பின்னாடி உக்காந்திருந்த சின்னப் பொண்ணு, "அங்கிள், உங்க கண்ணாடிக்கு இமை இருக்கு"ன்னு சிரிச்சுது.

கடையில வாங்கும்போது வகை என்னன்னு கேளுங்க. லென்ஸ் கருமையை 0-லேர்ந்து 4 வரைக்கும் பிரிச்சிருக்காங்க. 3-னா வெளிச்சத்துல 8-லேர்ந்து 18 சதவீதம்தான் உள்ள வரும், சாதாரணமா விக்கறது இதுதான். 4-னா 3-லேர்ந்து 8 சதவீதம். அது பனிமலைக்கும் நடுக்கடலுக்கும், ஸ்டியரிங் பிடிக்கறவன் தொடவே கூடாது. என்னோட கிளிப் 2, கொஞ்சம் வெளுப்பு. நம்ம ஊர்ல அஞ்சு நிமிஷத்துல வானம் இருட்டிக்கிட்டு மழை கொட்டும், அப்ப 3 போட்டுக்கிட்டு முழிக்க முடியாது.


புங்கோல் தம்பி

எதுக்குண்ணே இவ்ளோ பாடு? ஃபோட்டோக்ரோமிக் போட்டுட்டா ஒரே கண்ணாடி, தானா கறுக்கும், தானா வெளுக்கும்.


பிரைவேட் ஹயர் அண்ணன்

காருக்குள்ள கறுக்காது தம்பி. அது புற ஊதாக் கதிர் பட்டாத்தான் வேலை செய்யும், வண்டி முன்கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துடும். காருக்குள்ளயும் ஓரளவு கறுக்கற வகை இப்ப வருது, வெலையும் அதுக்கேத்த மாதிரி.


எட்டு வயதுக்காரனின் அம்மா

வண்டி ஓட்டாதவர்களுக்கு ஃபோட்டோக்ரோமிக் மோசமில்லை. என் மகன் அதைத்தான் போட்டிருக்கிறான். எட்டு வயதுக்கு 350 டிகிரி. டிகிரி ஏறும் வேகத்தைக் குறைக்க இரவில் அட்ரோபின் சொட்டு விடுகிறோம், இங்கே பல பெற்றோருக்கு இது பழகிய மருந்து. அது கண்மணியை விரித்துவிடும். 0.01 சதவீத மருந்தில் பெரிதாகத் தெரியவில்லை. அளவைக் கூட்டியபிறகு பள்ளித் திடலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான், டாக்டரே இந்த லென்ஸைச் சொன்னார்.

குறையும் உண்டு. சூடு கூடினால் இந்த லென்ஸின் கருமை குறையும், குளிர்நாட்டில் கறுக்கிற அளவுக்கு இங்கே கறுக்காது. வகுப்புக்குள் நுழைந்தபின் முழுதாகத் தெளியச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடத்துக்குள் தமிழ் வகுப்புக் கூட்டாளிகள், "ரஜினி மாதிரி சுழற்றிப் போடுடா" என்று ஆரம்பித்துவிடுவார்களாம். "விழுந்தா அம்மா திட்டுவாங்க" என்று சொல்லித் தப்பிக்கிறான்.

மாமியாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும் என்றுதானே பிள்ளையை வெளியே விளையாட விடச் சொல்கிறார்கள், கறுப்புக் கண்ணாடியை மாட்டி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று. நல்ல கேள்விதான். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெட்டவெளி வெயில் பல்லாயிரம், உச்சியில் லட்சம்கூடத் தொடும். அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் லென்ஸ் உள்ளே விட்டாலும் அது வீட்டுக்குள் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு. "அப்ப சரி, தொப்பியும் போட்டு விடு" என்று சொல்லிவிட்டார்.


துவாஸ் சூப்பர்வைசர்

வணக்கம். சொந்த ஊர் புதுக்கோட்டை பக்கம், இங்க ஷிப்யார்டுல வேலை. டெக்கு முழுக்க இரும்புத் தகடு, வெயில் மேலேர்ந்தும் அடிக்கும் கீழேர்ந்தும் அடிக்கும். லீவுல போனப்ப ஊர்லயே பவர் போட்ட கூலிங் கிளாஸ் செஞ்சு எடுத்துக்கிட்டு வந்தேன். இங்க கேட்ட வெலையில பாதிகூட ஆகலை.

மறுநாள் காலையில டூல்பாக்ஸ் மீட்டிங், வேலைக்கு முன்னாடி நடக்கற பாதுகாப்புப் பேச்சு. சேஃப்டி ஆபீசர் என்னை மட்டும் ஏற இறங்கப் பார்த்தார். "அது சேஃப்டி கிளாஸ் இல்ல, கழட்டு"ன்னார். கழட்டினா நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது சார்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சார், ஆனா விடலை. அவர் சொன்னது நியாயம்தான். கிரைண்டிங்குல துகள் தெறிச்சா சாதா லென்ஸ் தாங்காது, பக்கவாட்டுல மறைப்பும் இல்ல.

இப்ப பவர் கண்ணாடிக்கு மேலயே மாட்டற பெரிய சேஃப்டி கிளாஸ் போட்டிருக்கேன். கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, ரெண்டும் பாக்கெட்ல. டேங்குக்குள்ள இறங்கும்போது கறுப்பு ஆகவே ஆகாது, ஏணிப்படி தெரியாது. ரெண்டு அடுக்குக்கு நடுவுல வேர்வை ஆவி புகுந்துக்கும், சட்டையில துடைச்சா கீறல் விழும். பவரையே சேஃப்டி ஃப்ரேம்ல போட்டுத் தர்ற கடை இருக்கு. கம்பெனி காசு குடுத்தா அதுதான் நல்லது.

இன்னொண்ணு. புதுசா வர்ற பசங்க கூலிங் கிளாஸ்தான் போட்டிருக்கமேன்னு வெல்டிங் ஆர்க்கை நேராப் பார்க்கறாங்க. கூடவே கூடாது தம்பிகளா. அதுக்கு வெல்டிங் ஷீல்டு கண்ணாடி மட்டும்தான். பகல்ல ஒண்ணும் தெரியாது, ராத்திரி கண் எரிஞ்சு தூக்கம் போயிடும்.

ஊர்ல செஞ்ச கண்ணாடி ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு, அதான் லிட்டில் இந்தியாவுக்கு மட்டும். வீடியோ கால்ல வீட்டுக்காரம்மா, "வேலைக்குப் போனீங்களா, ஷூட்டிங்குக்குப் போனீங்களா?"ங்குது.


கடற்கரை ஓட்டக்காரன்

துவாஸ் அண்ணே, அந்த ஊர்க் கண்ணாடியில் யூவி 400, அதாவது முழுப் புற ஊதாத் தடுப்பு, இருக்கிறதா என்று ஒரு கடையில் கொடுத்துப் பாருங்கள். சின்ன மீட்டரில் வைத்து உடனே சொல்லிவிடுவார்கள். நிறம் வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு. பாலிகார்பனேட்டும் மெல்லிய ஹை இண்டெக்ஸ் லென்ஸும் நிறமே இல்லாமலும் அந்தக் கதிரைத் தடுக்கும். கறுப்பாக இருந்தும் தடுக்காத லென்ஸும் உண்டு, அதுதான் ஆபத்து. இருட்டில் கண்மணி விரிந்து கூடுதலாக உள்ளே வாங்கிக்கொள்ளும்.

என் கதை சின்னது. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஓடுகிறவன், 700 டிகிரி. காதுவரை வளைந்த ஓட்டக்காரர் கண்ணாடி கேட்டேன். கடைக்காரப் பெண் நேராகவே சொல்லிவிட்டார்: அவ்வளவு வளைவில் இவ்வளவு மைனஸ் போட்டால் ஓரத்தில் காட்சி நெளியும், தரை சாய்ந்து தெரியும், லென்ஸ் ஓரம் தடித்து ஃப்ரேமை விட்டு வெளியே நிற்கும். விற்கிற இடத்தில் வேண்டாம் என்று சொன்னவரை எனக்குப் பிடித்துப்போனது. ஓடும் நாளில் கான்டாக்ட் லென்ஸ், அதுமேல் சாதாக் கூலிங் கிளாஸ். மற்ற நாளில் தட்டையான ஃப்ரேமில் டின்ட் போட்ட பவர்.


பிடோக் ஜெட்டி

கான்டாக்ட் லென்ஸோட கடல்ல இறங்கிடாதீங்க தம்பி, கண்ணுல கிருமி புகுந்தா சும்மா விடாது.

நான் தூண்டில்காரன். பவரோட போலரைஸ்டு போட்டிருக்கேன், அதுக்கு ஈடு கிடையாது. தண்ணி மேல பட்டுத் திரும்பற ஒளி படுக்கைவாட்டுல அதிரும், லென்ஸ் செங்குத்தா அதிர்றதை மட்டும்தான் உள்ள விடும். மினுமினுப்பு அப்படியே அடங்கிடும். தூண் ஓரமா மீன் திரும்பறது நிழலாத் தெரியும். நம்பிக்கை இல்லாதவங்க தலையைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பாருங்க, பளபளப்பு திரும்ப வந்துடும். மழை விட்ட ரோட்டுக்கும் இதேதான்.

ஆனா அந்த லென்ஸுக்கும் ஸ்கிரீனுக்கும் ஆகாது. 2024-லேர்ந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில காருக்குள்ள இருந்தே பாஸ்போர்ட்டுக்குப் பதிலா ஃபோன்ல கியூஆர் காட்டிப் போகலாமில்ல? குடும்பத்தோட மலேசியா பக்கம் ஜோகூர் பாரு கிளம்பினோம். கவுண்டர் கிட்ட வந்தப்ப ஃபோனைப் படுக்க வச்சிருந்தேன், ஸ்கிரீன் முழுக்க இருட்டு. பவர் பட்டனை அமுக்கறேன், அமுக்கறேன், பின்னாடி வண்டிங்க வரிசை. மக சொல்றா, "அப்பா, ஃபோன் ஆன்லதான் இருக்கு, நீங்க கண்ணாடியைக் கழட்டுங்க." கழட்டினா கியூஆர் தெரியுது, கவுண்டர் தெரியலை. ஃபோனை அவ கையில குடுத்துட்டேன்.


தேக்கா பெரியம்மா

எல்லாரும் நல்லா எழுதறீங்க. எனக்கும் ஒண்ணு இருக்கு. தைப்பூசத்துக்கு அக்கா பேரன் காவடி எடுத்தான், பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் கூடவே நடந்தேன். உச்சி வெயில், பால்குடம் தலையில, மூக்குல பவர் போட்ட கறுப்புக் கண்ணாடி. பக்கத்துல வந்த ஒருத்தர், "சாமி காரியத்துல ஸ்டைல் எதுக்கும்மா?"ன்னார். "முருகன் தெரியணும்னா இது வேணும்யா"ன்னேன். அப்புறம் வாயைத் திறக்கலை.

இதுல தூரம் நல்லாத் தெரியுது. ஃபோன்ல மெசேஜ் படிக்கத்தான் முடியலை. வீட்டுக் கண்ணாடி புரோகிரெசிவ், அதுல மேல தூரம், கீழ கிட்ட. கறுப்புலயும் அப்படிச் செய்யணும்னா ரொம்பச் செலவு சொல்றாங்க. என்ன பண்றது?


பிரைவேட் ஹயர் அண்ணன்

பெரியம்மா, தூரத்துக்கு உங்க டிகிரி எவ்வளவு?


தேக்கா பெரியம்மா

ரெண்டு கண்ணும் 250.


பிரைவேட் ஹயர் அண்ணன்

அப்ப காசைக் கரைக்காதீங்க. 250-ன்னா கண்ணாடி இல்லாமலே 40 சென்டிமீட்டர்ல, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மியில, எழுத்து தெளிவாத் தெரியும். நிழல்ல நின்னு கண்ணாடியைக் கழட்டிட்டு ஃபோனை அந்தத் தூரத்துல பிடிங்க. கழுத்துல ஒரு கயிறு மட்டும் மாட்டிக்குங்க.


ஈசூன்வாசி

அண்ணே, அந்த இமை வைத்த கண்ணாடி எனக்கும் சரிவரும் போலிருக்கிறது. 625 டிகிரிக்குக் கனம் தாங்குமா?


பிரைவேட் ஹயர் அண்ணன்

1.67 இண்டெக்ஸ், அதாவது மெல்லிசான லென்ஸ் போட்டா தாங்கும். ஃப்ரேம் சின்னதா எடுங்க, பெருசாப் போனா ஓரம் தடிக்கும். கிளிப் அந்த ஃப்ரேமோடயே சேர்ந்து வர்றதா இருக்கணும். தனியா வாங்கி மாட்டினா நாளாக ஆக லென்ஸைக் கீறிடும். மேல தூக்கிப் பத்து தடவை ஆட்டிப் பாருங்க, ஸ்பிரிங் லூசா இருந்தா வேற கேளுங்க.