குளியலறை டைல்ஸில் கசிவும் ஓதமும்: எல்லையோர ஊர்களிலிருந்து சில அனுபவங்கள்

செங்கோட்டையிலிருந்து:

ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கத் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் எந்தச் சுவரும் முழுதாகக் காய்வதில்லை. ஆகவே படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் பொரிந்தபோது, அது வெளியே பெய்யும் மழையின் வேலையா, சுவருக்கு மறுபக்கம் இருக்கும் ஷவரின் வேலையா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. பார்க்க வந்த டைல்ஸ்காரர்கள் எல்லோரும் ஷவர்ச் சுவரை உடைத்துப் புதிதாக ஒட்ட வேண்டும் என்றே கூறினார்கள். புனலூர்ப் பக்கம் வேலை பார்த்துப் பழகிய வயதான பிளம்பர் ஒருவர்தான் அந்தப் பேச்சை நிறுத்தினார். "அண்ணாச்சி, தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு தெரியாம உடைச்சா, காசும் போகும், ஓதமும் அப்படியே நிக்கும். முதல்ல அந்த ஷவரைத் திறக்காம வையுங்க" என்றார்.

அவர் சொன்ன முறையை இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் கறை தெரியும் இடத்தைத்தான் பழுது பார்க்கிறார்கள். ஓதத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, சில நாள்கள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட வேண்டும். அப்போதும் ஈரம் கோட்டைத் தாண்டிப் பரவினால், சுவருக்குள் புதைந்து, எந்நேரமும் தண்ணீர் அழுத்தத்தில் நிற்கும் கன்சீல்டு பைப்பில் ஒழுக்கு இருக்கிறது என்று பொருள். அந்த அறைக்குப் போகும் கேட் வால்வை இரவில் மூடி ஒரு முறையும் திறந்து ஒரு முறையும் மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் காலையில் ஒப்பிட்டால் இது உறுதியாகிவிடும். மழை பெய்யும் நாள்களில் மட்டும் ஈரம் கூடினால் குற்றம் வெளிச்சுவரிலோ சன்னல் அடிப்பலகையிலோ இருக்கிறது. அதற்கு டைல்ஸை உடைப்பது வீண். குளித்தால் கூடி, குளிக்காவிட்டால் காய்கிறது என்றால் மட்டுமே டைல் இடுக்குகளையும் மூலைகளையும் வடிகால் வாயையும் சந்தேகிக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டருக்கு மேலே ஷவர் தலை வரைக்கும் போகும் குழாயில் ஷவரைத் திறக்கும்போது மட்டுமே தண்ணீர் ஏறுகிறது; எனவே அந்தக் குழாயில் ஒழுகினால் அது டைல் இடுக்கில் கசிவதைப் போலவே நடித்துக்காட்டும். இரண்டையும் பிரிக்க, ஷவர் தலையின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கட்டி, தண்ணீர் சுவரில் படாமல் நேரே வாளியில் விழும்படி திறந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித் திறந்தபோது, சுவரும், ஷவர் தலையைத் தாங்கும் குழாயான ஷவர்க் கையும் சேரும் இடத்து வட்டத் தட்டின் அடியிலிருந்து ஒரு துளி உருண்டு, டைல் முகப்பில் இறங்காமல் சுவருக்குள்ளேயே திரும்பிப் போனதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். மரையில் சுற்றியிருந்த டெஃப்லான் டேப் நைந்து போயிருந்தது. கையைக் கழற்றி, புதிய டேப் சுற்றி, இறுக்கி, தட்டின் விளிம்பில் சிலிக்கான் வைத்ததோடு வேலை முடிந்தது. ஒரு டைலைக்கூட உடைக்கவில்லை. சுவர் முழுவதும் காய மட்டும் பங்குனி வெயில் வரை காத்திருக்க நேர்ந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து:

செங்கோட்டை நண்பர் சொன்ன சோதனையைச் செய்த பிறகு டைல்தான் காரணம் என்று தெரியவந்தால், அடுத்ததாக ஒரு நாணயத்தின் விளிம்பால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்ப்பது நல்லது. நன்றாகப் பிடித்திருக்கும் டைல் கல்லைத் தட்டியது போன்ற கனத்த ஓசை தரும். பின்னால் வெற்றிடம் இருந்தால் ஓசை பொள்ளலாக வரும். என் சித்தப்பா வளைகுடாவிலிருந்து வந்து கட்டிய வீட்டில் ஷவர்ச் சுவரின் கீழ் வரிசை முழுவதும் பொள்ளலாக ஒலித்தது. ஒருநாள் அதில் ஒரு பெரிய டைல் கழன்று சாய்ந்தபோது, அதன் முதுகில் ஒரு துளி சிமென்ட்கூட ஒட்டியிருக்கவில்லை; கலவையின் உருண்டைகள் சுவரிலேயே நிற்க, இடைப்பட்ட குழிகளில் சோப்பு நாற்றமடிக்கும் தண்ணீர் தேங்கியிருந்தது.

இதற்குக் காரணம் கொத்தனாரின் சோம்பல் மட்டும் அன்று. முன்பு சுவருக்கு வந்த செராமிக் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேலாகத் தண்ணீரை உறிஞ்சக்கூடியது. அதனால்தான் அதை ஊறப்போட்டு எடுத்துச் சிமென்ட் பாலோடு ஒட்டினார்கள், சிமென்டும் அதன் நுண்துளைகளுக்குள் புகுந்து பற்றிக்கொண்டது. இப்போது குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும் பெரிய விட்ரிஃபைடு டைல் அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சுவதில்லை. அதை எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் வெறும் சிமென்ட் அதைப் பற்றாது. அதற்கென்று வரும் டைல் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற தரக்குறியீடும், எந்த வகை டைலுக்கு, எந்த இடத்துக்கு உரியது என்பதும் அச்சிட்டிருக்கும். பல்லுள்ள கரண்டியால் பசையைச் சுவரில் ஒரே திசையில் வாரிவிட்டு, டைலின் முதுகிலும் மெல்லப் பூசி அழுத்தினால் குழி விழாது. ஈரம் படும் சுவரில் ஏறக்குறைய முதுகு முழுவதும் பசை பட்டிருக்க வேண்டும்.

அந்த வீட்டில் பொள்ளலாக ஒலித்தவற்றை மட்டும் கழற்றினோம். வெளிப்பட்ட பூச்சை நன்றாகக் காயவிட்டு, பாலிமர் கலந்த வாட்டர்புரூஃபிங் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு முறை பூசி, மூலைகளில் ஃபைபர் வலையைப் பதித்து, அதன்மேல் டைலை ஒட்டினோம். இந்தப் பூச்சைத்தான் பலரும் வேண்டாத செலவு என்று தள்ளுகிறார்கள். டைலும், டைல் இடுக்குகளை நிரப்பும் கலவையான கிரவுட்டும் தண்ணீரைத் தடுத்துவிடும் என்பது தவறான எண்ணம். சிமென்ட் கிரவுட் தண்ணீரை மெல்ல உள்ளே விடத்தான் செய்யும், அதைத் தடுத்து நிறுத்துவது பின்னால் இருக்கும் பூச்சு. சுவரும் சுவரும் சேரும் மூலையிலும், சுவரும் தரையும் சேரும் இடத்திலும் கிரவுட் வைக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு பரப்புகளும் வெவ்வேறு அளவில் அசைவதால் அங்கே கிரவுட் வெடித்தே தீரும். பூஞ்சைத் தடுப்பு சேர்ந்த சிலிக்கான்தான் அங்கே நிற்கும். பழைய சிலிக்கானை முற்றிலும் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்தால் அது ஒட்டாது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

நாங்கள் இருப்பது கேரளம் என்றாலும் எங்கள் பக்கம் கேரளத்து மழை கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும்தான் உண்டு. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்று ஐஎஸ் 10500 தரம் சொல்கிறது. அந்த எல்லையை ஒட்டி நிற்கும் தண்ணீரில் தினமும் குளிக்கும் வீடுகளில் டைல்ஸின் நிறமே தெரியாதபடி வெள்ளைப் படலம் ஏறிவிடுகிறது. அதைப் போக்கப் பெரும்பாலானோர் கையில் எடுப்பது கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்.

ஆசிட் ஊற்றியவுடன் நுரைத்துப் பளிச்சென்று ஆவது உண்மைதான். ஆனால் அந்த நுரையில் பாதி, படலத்தோடு சேர்ந்து கரையும் உங்கள் கிரவுட்டுடையது. படலமும் சுண்ணாம்பு, கிரவுட்டில் இருக்கும் சிமென்டின் உயிரும் சுண்ணாம்பு. ஆசிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் மாமா வீட்டில் மாதந்தோறும் ஆசிட் ஊற்றிக் கழுவியதில், இடுக்குகளில் விரல்நகம் புகும் அளவுக்குக் கிரவுட் அரித்துவிட்டது. மாமாவோ டைல் மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்தினால் போதுமானது. அதுவும் அமிலம்தான் என்பதால், இடுக்குகள் முதலில் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்படி சுவரை நனைத்துவிட்டு, வினிகரைச் சில நிமிடங்கள் மட்டும் விட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். மார்பிள் பதித்திருந்தால் வினிகரும் ஆகாது. ஷவர் தலையின் துளைகள் அடைத்திருந்தால் ஒரு பாலிதீன் பையில் வினிகரை ஊற்றி, தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி இரவு முழுவதும் விடலாம். அரித்துப்போன இடுக்குகளை மாமா வீட்டில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசி போக்கி, சிமென்டுக்குப் பதிலாக இரண்டு பகுதி ரெசினைக் கலந்து வைக்கும் எபாக்ஸி கிரவுட் வைத்தோம். உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு அதுதான் நிற்கும் என்பது என் முடிவு. செலவு சிமென்ட் கிரவுட்டைப் போலப் பல மடங்கு ஆகும். குளித்து முடித்ததும் சுவரை ஒரு வைப்பரால் வழித்துவிட்டால் படலம் படிவதே பெருமளவு குறைந்துவிடும். ஆனால் வீட்டில் என்னைத் தவிர யாரும் அதைச் செய்வதில்லை.

குமுளியிலிருந்து:

இங்கே மூடுபனியும் மழையுமாக இருப்பதால் எங்களுக்குக் கறுப்புப் பூஞ்சைதான் தொல்லை. இடுக்குகளில் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று படிவது பூஞ்சை அன்று. சோப்பு, ஷாம்பு எச்சத்தைத் தின்று வளரும் செராட்டியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா. தேய்த்துக் கழுவினால் அது போய்விடும்; காற்று ஓடாத அறையில் மீண்டும் வந்துவிடும். குளித்த பிறகும் சிறிது நேரம் எக்ஸாஸ்ட் மின்விசிறியை ஓடவிடுவதே எங்களுக்குப் பலன் தந்தது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பூஞ்சைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்ட இடத்தில் ஆசிட்டையோ வினிகரையோ சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்; சன்னல் சாத்திய சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

களியக்காவிளையிலிருந்து:

எங்கள் கதை மாடிக் குளியலறை. கீழே அடுக்களைக் கூரையிலிருந்து சொட்டியது. மேலே சங்கன் ஸ்லாப். அதாவது குழாய்கள் போவதற்காகக் கான்கிரீட்டைத் தாழ்த்திப் போட்டு, உடைசெங்கல் நிரப்பி, அதன்மேல் டைல் பதித்தது. இத்தகைய தரையில் ஒரு சிறு கசிவு இருந்தாலும் தண்ணீர் அடியில் குளமாகத் தேங்கி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே இறங்கும். ஆகவே சொட்டும் இடத்துக்கு நேர்மேலே தேடுவதில் பயனில்லை.

தரை வடிகாலில் பொருத்தியிருக்கும் நானி ட்ராப்பின் வாயைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, தரையில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிறுத்தி, அதில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து ஒரு முழு நாள் விட்டோம். கீழே சொட்டியது தெளிந்த தண்ணீராகவே இருந்தது. அடைப்பை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டவுடன்தான் கூரையில் நீலம் இறங்கத் தொடங்கியது. தரை இடுக்குகளில் குறையில்லை, ட்ராப்பும் குழாயும் சேரும் இடத்தில்தான் என்பது அதோடு தெளிவாயிற்று. நீலம் கிரவுட்டில் கறையாக நிற்கும் என்று அம்மா முன்பே எச்சரித்தாள், நின்றுவிட்டது.

ட்ராப்பைச் சுற்றி ஓரடிச் சதுரத்துக்கு மட்டும் உடைத்து, குழாய் இணைப்பை மாற்றி, சுற்றிலும் சுருங்காத நான்-ஷ்ரிங்க் கிரவுட்டை நிரப்பி, வாட்டர்புரூஃபிங் பூச்சை ட்ராப்பின் விளிம்புக்குள் மடக்கிவிட்டோம். அதே வேளையில் வாட்டத்தையும் பார்த்தோம். 80-க்கு 1 என்ற கணக்கில் நாலடி நீளத்துக்குச் சுமார் 15 மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும். எங்கள் தரையில் மட்டப்பலகை வைத்தால் ட்ராப்பின் அருகே குமிழ் ட்ராப்பை நோக்கியே ஓடியது, அதாவது வாட்டம் தலைகீழாக இருந்தது. உடைத்த இடத்துக்கு அதே நிற டைல் கிடைக்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் ஒத்துப்போனால்தான் நிறம் ஒத்துவரும். அந்தப் பெட்டியை யாரும் எடுத்து வைப்பதில்லை. கொழிஞ்சாம்பாறை நண்பரிடம் ஒரு கேள்வி: இந்தச் சதுரத்தின் ஓரங்களுக்கு எபாக்ஸி வைக்க நினைக்கிறோம், உள்ளூர்க் கொத்தனாருக்கு அதில் பழக்கமில்லை, துணிந்து செய்யலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

செய்யலாம், ஆனால் முழு டப்பாவையும் ஒரே நேரத்தில் கலக்கவிடாதீர்கள். இரண்டு பகுதிகளையும் கலந்ததிலிருந்து முக்கால் மணி நேரம்போலத்தான் அது கைக்கு வசப்படும், வெயில் காலத்தில் அதுவும் இல்லை. சிறிதளவு கலந்து, ஒரு கை அகலத்துக்கு வைத்து, டைல் முகப்பில் பட்டதை அப்போதே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். காய்ந்தபின் சுரண்டினால் டைலின் மினுக்கும் கூடவே போய்விடும். இடுக்கில் ஈரம் சிறிதும் இருக்கக் கூடாது. இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். வைத்த பிறகு ஒரு நாளாவது அந்தத் தரையில் தண்ணீர் விடவேண்டாம்.