மாலிப்டினம் 41 சதவீதத்திலேயே நிற்கிறது, பெரிய மில் வாங்கப் பணம் கொடுக்கலாமா?

யீஷூன்வாசி:
அண்ணன்மாரே, நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு சின்ன உலோக வியாபார ஆபீஸில் இருக்கிறேன், படித்தது கணக்கு. மங்கோலியாவில் ஒரு சிறு சுரங்கம், தாதுவில் 0.2 சதவீதம்தான் மாலிப்டினம் என்ற உலோகம். மொத்தத்தையும் பால் மில்லில் (குண்டுகள் உருண்டு அரைக்கும் இயந்திரம்) 75 மைக்ரானுக்கு அரைத்து, மண்ணெண்ணெய் விட்டு நுரையில் மிதக்கவிட்டு எடுக்கிறார்கள், அப்படியும் மிதந்து வரும் சரக்கில் (கான்சன்ட்ரேட்) மாலிப்டினம் 41 சதவீதத்தைத் தாண்டவில்லை. வாங்குகிறவர் 50க்குக் கீழே பேசவே மாட்டேன் என்கிறார். இன்னும் நைசாக அரைக்கப் பெரிய மில் வேண்டும் என்று சுரங்கக்காரர் 80,000 சிங்கப்பூர் வெள்ளி முன்பணம் கேட்கிறார். சாம்பிள் பையைத் திறந்து பார்த்ததில் விரலெல்லாம் பென்சில் கரி, சட்டையிலும் பூசிவிட்டது.

பழைய_மில்காரன்:
கொடுக்காதீர்கள். மாலிப்டினைட், அதாவது தாதுவில் மாலிப்டினம் இருக்கும் கனிமம், நகம் பட்டாலே கீறும், தகடு தகடாக உரியும். தகட்டின் முகத்தில் தண்ணீர் ஒட்டாது, அதனால்தான் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு நுரையோடு ஏறுகிறது. ஓரம் அப்படியில்லை. அரைக்க அரைக்க ஓரம்தான் கூடும், மிதக்க வேண்டியது கழிவோடு போய்விடும். அதோடு மில்லில் வெகுநேரம் உருண்டால், உங்கள் விரலில் பூசிய மாதிரி தாதுவில் உள்ள குவார்ட்ஸ் மணல் மேலும் பூசிக்கொள்ளும், அந்த மணலும் மிதந்து வந்து சேரும்.

கணக்கு படித்தவர்தானே, போட்டுப் பாருங்கள். 100 டன் தாதுவில் மாலிப்டினம் 200 கிலோ, மாலிப்டினைட்டாக ஏறக்குறைய 334 கிலோ. அதற்காக 100 டன்னையும் மாவாக்குவானேன்? முதலில் கோலமாவு பதம், 150 முதல் 200 மைக்ரான் போதும். அதில் மிதந்து வருகிற இரண்டு மூன்று டன்னை மட்டும் சின்ன மில்லில் மறுபடி அரைத்து, நாலைந்து தடவை திரும்பத் திரும்ப மிதக்கவிட வேண்டும்.

துவாஸ்_லேப்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் முதலில் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். குவார்ட்ஸ் இன்னும் மாலிப்டினைட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மறு அரவை தேவை, தனித்தனியாகக் கிடந்தால் மிதக்கவிடும் தடவைதான் குறைவு. சுத்த மாலிப்டினைட்டிலேயே மாலிப்டினம் 60 சதவீதம்தான், ஆக உங்கள் 41 என்பது மூன்றில் ஒரு பங்கு வேறு சரக்கு. எண்ணெயும் ஈரமும் எடுத்துவிட்டுச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். செம்பு எவ்வளவு? செம்பு இருந்தால் அது மிதக்காதபடி சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு போட்டு அமுக்குவார்கள், அதில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு கிளம்பும். அழுகின முட்டை வாசனை கொஞ்ச நேரத்தில் மூக்குக்குத் தெரியாமல் போகும், வாயு போயிருக்காது. சின்ன இடங்களில் எனக்கு அதுதான் பயம்.

யீஷூன்வாசி:
கேட்டுவிட்டேன். காயவைத்து, எண்ணெய் எடுத்துத்தான் சோதித்தார்களாம். செம்பு அரை சதவீதம்கூட இல்லை, சிலிக்காதான், அதாவது மணல், 22 சதவீதம். மைக்ரோஸ்கோப்பில் மணல் தனியாகத்தான் கிடக்கிறது. எத்தனை தடவை மிதக்கவிடுகிறீர்கள் என்றேன், "ஒரு தடவைதான்" என்றார். பாஸ் சிரித்துவிட்டார். சட்டைக் கறை மட்டும் இன்னும் போகவில்லை.