சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்: ஆயில் சல்லடையில் நான் கண்டது

பதிவு 1

என் காரில் இருப்பது ஒரு லிட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட, பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ இன்ஜின். வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் அதன் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். இந்த அமைப்பைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. ஆகவே தயாரித்தவரின் பெயரை எழுதாமல், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வாங்கும்போது நான் பார்த்தவை இரண்டே எண்கள்: 115 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1,750 சுழற்சியிலேயே 180 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). இரண்டாவது எண்தான் இத்தகைய இன்ஜினின் உண்மையான சிறப்பு. அந்தச் சுழற்சியிலேயே ஏறக்குறைய 33 கிலோவாட், அதாவது 45 குதிரைத்திறன் கையில் இருக்கிறது. டர்போ இல்லாத ஒரு லிட்டர் இன்ஜின் 95 நியூட்டன் மீட்டர் அளவுக்கே தருமென்பதால், இதே சக்திக்கு அது 3,300 சுழற்சியைத் தொட வேண்டும். ஓட்டும்போது இந்த வேறுபாடு முதல் நாளே தெரிந்தது. மேட்டில் கியரைக் குறைக்க வேண்டிய தேவையே அரிதாக இருந்தது.

ஆறாம் ஆண்டில், 82,000 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில், ஒரு நாள் காலை வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது பிரேக் மிதி கல்லைப் போல இறுகியிருந்தது. முழு பலத்தையும் கொடுத்து மிதித்த பிறகே வண்டி நின்றது. பிரேக்கில்தான் கோளாறு என்று நினைத்து வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசென்றேன். மெக்கானிக் பிரேக்கைத் தொடவே இல்லை. நேராக ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, உள்ளே தெரிந்த டைமிங் பெல்ட்டை என்னைப் பார்க்கச் சொன்னார். பெல்ட்டின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வெடிப்புகள். பெல்ட்டின் அகலத்தைச் சோதிக்கும் தகட்டை வைத்தார். பெல்ட் ஊதிப்போயிருந்ததால் தகடு அதன்மேல் பொருந்தவில்லை.

பிறகு இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினார். ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் உள்ள சல்லடையில் பாதிக்கு மேல் கருப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நனைந்த நூல் பிரிவதைப் போல இழை இழையாகப் பிரிந்தது. அது அந்தப் பெல்ட்டின் ரப்பரும் இழையும்தான். டர்போ இன்ஜினின் காற்றுக் குழாயில் எல்லா நேரமும் வெற்றிடம் கிடைக்காது என்பதால், பிரேக் மிதியை இலகுவாக்கத் தேவையான வெற்றிடத்தை இந்த இன்ஜினில் ஒரு தனிப் பம்ப் உருவாக்குகிறது. அந்தப் பம்புக்கு ஆயில் போகும் சிறிய சல்லடையும் அடைபட்டிருந்ததே பிரேக் மிதி இறுகியதற்குக் காரணம்.

பெல்ட் ஏன் கரைந்தது என்பதற்கு விடை என் ஓட்டத்தில் இருந்தது. தினமும் நான்கு கிலோமீட்டர் போய் நான்கு கிலோமீட்டர் திரும்புவேன். இன்ஜின் முழுச் சூட்டை எட்டும் முன்பே நின்றுவிடும். குளிர்ந்த சிலிண்டர் சுவரில் ஆவியாகாமல் தங்கும் பெட்ரோல், பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி ஆயிலில் கலக்கும். நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகி வெளியேறிவிடும், என் வண்டியில் அதற்கு வாய்ப்பே இல்லை. பெட்ரோல் கலந்த ஆயிலில் ஊறும் ரப்பர் ஊதி உதிரத் தொடங்குகிறது. ஆறு மாதமாகவே டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல், சற்று ஏறியும் இருந்தது. ஆயில் குறையவில்லையே என்று மகிழ்ந்திருந்தேன். கவலைப்பட்டிருக்க வேண்டிய அறிகுறி அது.

பதிவு 2

உங்கள் அனுபவத்தைப் படித்ததும் என்னுடையதையும் எழுதத் தோன்றியது. என் இன்ஜினும் ஒரு லிட்டர் டர்போதான். ஆனால் டைமிங் செயின் கொண்டது. எரிபொருள் மிச்சமாகும் என்று எண்ணி, மேட்டிலும் ஐந்தாம் கியரிலேயே, 1,500 சுழற்சியில், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து ஏற்றுவது என் வழக்கம். ஒரு நாள் அப்படி ஏறும்போது சுத்தியலால் இரும்பில் ஒரே அடி அடித்ததைப் போன்ற ஓசை கேட்டது. சில வாரங்களில் வண்டி நின்ற நிலையில் நடுங்கத் தொடங்கியது. சோதித்தபோது இரண்டாம் சிலிண்டரில் அழுத்தம் இல்லை. பிஸ்டனில் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு உடைந்திருந்தது.

குறைந்த சுழற்சியில் அதிகச் சுமை ஏறும்போது, சிலிண்டருக்குள் தங்கிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பற்றிக்கொள்வதுதான் இதற்குக் காரணம். ஆயிலில் கால்சியம் சார்ந்த அழுக்கு நீக்கிகள் மிகுதியாக இருந்தால் இது கூடுகிறது. எனவேதான் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ வகுக்கும் ஆயில் தரங்களில், 2018இல் எஸ்என் பிளஸ் தரமும், 2020இல் எஸ்பி தரமும் இப்படி முன்கூட்டியே பற்றுவதைத் தடுக்கிறதா என்ற சோதனையைச் சேர்த்துக்கொண்டு வந்தன. நான் ஊற்றிவந்தது பழைய எஸ்என் தரம். பாகுநிலை எண் சரியாக இருந்தது. தரக் குறியீட்டை ஒருமுறையும் படித்ததில்லை.

பதிவு 3

இதன் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். என் டர்போ பெட்ரோல் வண்டி 1,90,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. தினமும் நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றம். டர்போவைத் திறந்ததே இல்லை. 1,20,000 கிலோமீட்டரில் மட்டும் உள்வாங்கு வால்வுகளில் படிந்த கரியை, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி அகற்ற வேண்டியிருந்தது. பெட்ரோல் வால்வின்மீது படாத நேரடிப் பீய்ச்சலில் இது எதிர்பார்க்கக்கூடியதே.

பதிவு எண் 1இல் எழுதிய நண்பரிடம் ஒரு கேள்வி: பெல்ட்டை மாற்றியதோடு வேலை முடிந்ததா, டர்போவுக்குப் பாதிப்பு ஏதும் இல்லையா?

பதிவு 4

நண்பரே, எனக்கும் அதே அச்சம்தான் இருந்தது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. சல்லடை அடைபட்டால் முதலில் பட்டினி கிடப்பவற்றுள் அதுவும் ஒன்று. மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். ஆட்டம் அளவுக்குள்தான் இருந்தது. ஆயில் அழுத்த விளக்கு எரியும் முன்பே பிரேக் காட்டிக்கொடுத்தது என் நல்வாய்ப்பு.

பெல்ட், இரு சல்லடைகள், வெற்றிடப் பம்ப் ஆகியவற்றை மாற்றினோம். ஆயிலை இனி 8,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதற்குள் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுகிறேன்.

புதிய பெல்ட் போட்டு 500 கிலோமீட்டரில் ஆயிலை மீண்டும் வடித்து, கழற்றிய பில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துப் பார்த்தோம். பழைய பெல்ட்டின் நான்கு கருப்பு இழைகள் இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன. 8,000இல் வெட்டிப் பார்த்த பில்டரில் ஒன்றுகூட இல்லை. அடுத்ததையும் வெட்டிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.