ஐடியா பெட்டியில் இரண்டே சீட்டு: நம்பிக்கையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேட்டவர்: மண்டபம் ஷிஃப்ட்

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கரைக்கு வரும் நீலக்கால் நண்டை அவித்து ஆற வைப்போம், பெண்கள் மேசையில் உட்கார்ந்து சதை எடுப்பார்கள், அது தரம் பிரித்து டின்னில் அடைபட்டு வெளிநாட்டுக்குப் போகும். மூன்று வருடம் கணக்கு எழுதினேன், இப்போது நான்கு மாதமாக ஷிஃப்ட் சூப்பர்வைசர். என் பொறுப்பில் 42 பெண்கள். பாதிப் பேருக்கு என் அம்மா வயது.

முதலாளி நல்லவர்தான். வேலை செய்கிறவர்களிடமிருந்து யோசனை வரவேண்டும், நீ வாங்கு என்றார். சுவரில் ஒரு பெட்டி மாட்டினேன், காலையில் பதினைந்து நிமிடம் மீட்டிங்கும் வைத்தேன். இரண்டு மாதத்தில் பெட்டியில் விழுந்தது இரண்டு சீட்டு. ஒன்றில் உடை மாற்றும் அறைக்கு மின்விசிறி வேண்டும் என்று எழுதியிருந்தது, இன்னொன்று வெறும் தாள். மீட்டிங்கில் எது கேட்டாலும் "சரி தம்பி" என்பார்கள். ஆனால் டீ நேரத்தில் வேப்பமரத்தடியில் அவர்கள் பேசுவதைத் தள்ளி நின்று கேட்டிருக்கிறேன், எந்த வண்டியில் ஐஸ் குறைவாகப் போடுகிறார்கள், எந்த ஊர் நண்டு கெட்டுப்போய் வருகிறது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

போன மாதம் ஒரு லோடு கெட்டுப்போய் 180 கிலோ நண்டைக் கொட்டினோம். கூடையைத் திறந்த உடனே வாடை மாறியிருந்தது முதல் மேசை அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நமக்கு எதுக்குத் தம்பி" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அதே அக்கா, நண்டை மேசைக்குக் கொண்டுவரும் முன்பே பெரிசு சிறிசு என்று பிரித்துக் கொடுங்கள், கை தானாக ஓடும் என்று சொன்னார். அப்படியே செய்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடியது. அடுத்த மாதமே அப்போதிருந்த மேனேஜர் கிலோவுக்கு 5 ரூபாய் கூலியைக் குறைத்துவிட்டார், வேலைதான் சுலபமாகிவிட்டதே என்று காரணம் சொன்னார். பிரித்துக் கொடுக்கும் யோசனையும் அவருடையது என்றே மேலே போனது. அந்தப் புதுக் கூலியை நோட்டில் எழுதியவன் நான்தான். வாய் திறக்கவில்லை.

அந்த மேனேஜர் இப்போது இல்லை. நான் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தங்கச்சிமடம் டிரைவர்

தம்பி, பெட்டியை விடு. நீ கடைசியில் எழுதின அந்த 5 ரூபாயில்தான் மொத்தமும் இருக்கிறது.

நான் 26 வருடம் கடலுக்குப் போனவன், முதலில் வள்ளம், அப்புறம் விசைப்படகு. வள்ளத்தில் கரைக்கு வந்ததும் மீனை ஏலம் விட்டு, டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, சாப்பாட்டுச் சாமான் எவ்வளவு என்று எல்லோர் கண்ணெதிரிலும் கழிப்போம், மிச்சம்தான் பங்கு. பொடியனாக இருந்தாலும் அந்தக் கணக்கைப் பார்ப்பான். கணக்கை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் சொல்கிற ஓனரிடம் எவனும் நிலைத்து நிற்க மாட்டான், நின்றாலும் வலை கிழிந்திருப்பதைச் சொல்ல மாட்டான். அவனுக்கு என்ன வந்தது?

இன்னொன்று. எங்கள் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. பாக் நீரிணையில் இரண்டு தரப்பும் வலைக்காக அடித்துக்கொண்ட காலம் உண்டு, அதன் பிறகு வந்த ஏற்பாடு இது. முறை தப்பி ஒரு படகு இறங்கினாலும் அடுத்த நாள் கரையில் பஞ்சாயத்துதான். ஒருத்தன் மீறினால் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிவதால்தான் மற்றவன் தன் நாளுக்குக் காத்திருக்கிறான்.

அந்த அக்காவிடம் போய் நடந்ததைச் சொல்லு. முதலாளியிடம் பேசி 5 ரூபாயைத் திரும்ப வாங்கிக் கொடு. அதற்குமுன் நீ எத்தனை மீட்டிங் போட்டாலும் "சரி தம்பி"தான்.

பதில்: பெரியபட்டினம் பாசிக்காரி

டிரைவர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானும் ஐந்து வருடம் நண்டு மேசையில் உட்கார்ந்தவள், இப்போது எங்கள் குழுவில் கடல்பாசி வளர்க்கிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் தெரிகிறதைச் சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள் தம்பி.

கிலோ கணக்கில் கூலி என்றால் உங்கள் பதினைந்து நிமிட மீட்டிங் எங்களுக்குக் கூலி இல்லாத பதினைந்து நிமிடம். 42 பேரும் நின்றுகொண்டு மனதுக்குள் அதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒருத்தி வாயைத் திறந்தால் மீட்டிங் இன்னும் நீளும், பக்கத்தில் இருக்கிறவள் முறைப்பாள். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கும் கூலி போடுங்கள், இல்லையென்றால் மீட்டிங்கை விட்டுவிட்டு மேசை மேசையாக வாருங்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் எங்களுக்குப் பேச்சு வரும்.

பெட்டி விஷயம். சிலருக்கு எழுத வராது. எழுத வருகிறவளுக்கு, கையெழுத்தைப் பார்த்து யார் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். அந்த வெறும் தாளை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். போடலாம் என்று நினைத்துக் கடைசி நிமிடத்தில் பயந்தவளாக இருக்கலாம்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மூங்கில் மிதவை, அதில் கயிறு கயிறாக விதைப்பாசி கட்டிக் கடலில் விடுவோம், 45 நாளில் அறுப்பு. கரையில் வெயிலில் உட்கார்ந்து கட்டும்போதே பாசி வாடிப்போய், விட்ட நாலாம் நாள் பாதி உதிர்ந்துவிடும். புதிதாக வந்த ஒரு பெண், கல்யாணமாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, பந்தல் போட்டு நனைந்த சாக்கு மூடிக் கட்டலாமே என்று மெதுவாகச் சொன்னாள். மூத்தவள் ஒருத்தி "நேத்து வந்தவ சொல்லித்தான் நாங்க பாசி கட்டணுமா" என்றாள். அந்தப் பெண் முகம் செத்துப்போனது. நான் குழுத் தலைவி, என் ஒரு மிதவையை மட்டும் அவள் சொன்னபடி கட்டினேன், அடுத்த கூட்டத்தில் இரண்டு எடையையும் அவள் பேரைச் சொல்லியே படித்தேன். அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவே இல்லை! பேரைச் சொல்லிப் படித்ததுதான் முக்கியம். எங்களுக்குப் பரிசுப்பணமெல்லாம் கொடுக்க வசதியில்லை.

இந்தக் கரையில் பெண்கள் பேச மாட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி என்ற வெளிநாட்டு அமைப்பு பரிசு கொடுத்ததே, எதற்கு? பாசி எடுக்கும் பெண்களைச் சேர்த்து, கடலும் கெடாமல் பிழைப்பும் போகாமல் நிற்க வழி செய்ததற்கு. கேட்கிற ஆள் இருந்தால் பேச்சு வரும்.

பதில்: கீழக்கரை காக்கா

நான் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் 11 வருடம் இருந்துவிட்டு வந்தவன். மேலே இருவரும் சொன்னதோடு ஒரு இடத்தில் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. தம்பி ஒரு சூப்பர்வைசர், கூலியை ஏற்றுவது அவர் கையில் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு முதலாளி முடியாது என்றுவிட்டால், இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். அக்காவிடம் நடந்ததை ஒத்துக்கொள்வது வேறு, ரூபாயை வாக்குக் கொடுப்பது வேறு. முதலாளியிடம் பேசி முடித்த பிறகுதான் ரூபாயைப் பற்றி வாயைத் திறக்க வேண்டும்.

டொயோட்டா 1951லேயே தொழிலாளியிடம் யோசனை வாங்கும் திட்டம் ஆரம்பித்தது. அதை எல்லோரும் காப்பியடித்துப் பெட்டி மாட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் லைனில் ஒரு கயிறு இருக்கும், எந்தத் தொழிலாளிக்கும் சந்தேகம் வந்தால் இழுக்கலாம், லீடர் ஓடிவருவார், சரியாகவில்லை என்றால் லைனே நிற்கும். எங்கள் கம்பெனியிலும் அதேமாதிரி ஒரு பட்டன் வைத்தார்கள். சேர்ந்த புதிதில் நான் ஒருமுறை அழுத்தினேன், பார்த்தால் பழுது ஒன்றுமில்லை. என் லீடர் ஒரு வார்த்தை திட்டவில்லை, "அழுத்தினது நல்லது, அடுத்த தடவையும் அழுத்து" என்றார். அன்று அவர் முகம் சுளித்திருந்தால் அதற்கப்புறம் நான் அந்தப் பட்டன் பக்கமே போயிருக்க மாட்டேன்.

எமி எட்மண்ட்சன் என்று ஹார்வர்டில் ஒரு பேராசிரியை. ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று பார்த்தால், அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. மற்ற இடங்களில் தவறை மறைத்தார்கள், இங்கே பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பயமின்மையைப் பற்றி உலகமே பேசுகிறது. உங்கள் 180 கிலோ கதை அப்படியே அதுதான்.

ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லிவிடுங்கள். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். பதில் வராத யோசனை, மறுத்த யோசனையைவிட ஆளை அதிகம் ஒடிக்கும். அந்த மின்விசிறிச் சீட்டுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

பதில்: பாம்பன் பழைய ரயில்வே

சின்னதாக ஒன்று. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள், அதாவது தூண்களுக்கு மேல் கிடக்கும் இரும்பு உத்தரங்கள், பெரும்பாலும் அடித்துப் போய்விட்டன. சரிசெய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள், மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பில் இருந்தவர் அப்போது முப்பத்திச் சொச்சம் வயதுப் பொறியாளர், பிற்காலத்தில் மெட்ரோ மனிதர் என்று பேர் வாங்கிய ஈ. ஸ்ரீதரன். புது கர்டர் எங்கிருந்து வரவழைப்பது என்று திணறிக்கொண்டிருந்தபோது, பழைய கர்டர்கள் கடலடியில் கிடக்கிற சேதி மீனவர்கள் மூலம் வந்தது. அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. எடுத்து நிறுத்தி 46 நாளில் ரயில் விட்டார். கடலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று வரைபடத்தில் இருக்காது தம்பி, வலை போடுகிறவனுக்குத்தான் தெரியும். உங்கள் முதல் மேசைக்கும் அதேதான்.

கேட்டவர்: மண்டபம் ஷிஃப்ட் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி, நடந்ததை எழுதுகிறேன். காக்கா சொன்னபடி முதலில் முதலாளியிடம் போனேன். பழைய நோட்டை எடுத்துப்போய், யோசனை யாருடையது, அதனால் எவ்வளவு கூடியது, கூலி எப்போது குறைந்தது என்று காட்டினேன். அவருக்கு அது உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. மொத்தத்தையும் ஒரே தடவையில் தர முடியாது என்றார், இந்த மாதம் 2 ரூபாய், அடுத்த ஆர்டர் பணம் வந்ததும் மீதி என்று ஒத்துக்கொண்டார். பதினைந்து நிமிட மீட்டிங்கை நிறுத்திவிட்டேன்.

அப்புறம் அக்காவிடம் போனேன். "அந்தக் கூலியை எழுதினவன் நான்தான், தெரிந்தே சும்மா இருந்தேன்" என்றேன். அவர் தலை நிமிரவில்லை, சதை எடுத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து "தெரியும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மறுநாள் மேசை மேசையாகப் போய், வாடை மாறியிருந்தால் யார் வேண்டுமானாலும் கூடையை நிறுத்தலாம், நிறுத்திய நேரத்துக்குக் கூலி உண்டு என்று சொன்னேன். எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் அந்த அக்கா "இந்தக் கூடையத் தனியா வை" என்றார். வைத்தோம், குவாலிட்டி ஆள் வந்து பார்த்தார், நண்டு நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். காக்கா எழுதின அந்த லீடர் நினைவுக்கு வந்தார். "சந்தேகம்னா நிறுத்துறதுதான் சரி, நாளைக்கும் நிறுத்துங்க" என்றேன். இரண்டு நாள் கழித்து நாலாம் மேசையில், இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத ஒரு பெண் கையைத் தூக்கினாள். அந்தக் கூடை நிஜமாகவே கெட்டிருந்தது, 14 கிலோ. நேராக வண்டிக்காரரிடம் போய் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னேன், அடியில் ஐஸே இல்லை.

இன்னும் நிறையப் பேர் "சரி தம்பி"தான். பெட்டியைக் கழற்றிவிட்டேன். அந்த ஆணியில் இப்போது கூலி நோட்டு தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பதில்: பெரியபட்டினம் பாசிக்காரி

படித்ததும் மனது நிறைந்துவிட்டது தம்பி. ஆனால் காக்கா கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறதே. மின்விசிறி?

கேட்டவர்: மண்டபம் ஷிஃப்ட்

வாங்கியாயிற்று அக்கா. சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார்.