அல்சூர் தமிழ்க் குடும்பங்கள் குழு: ‘டீகப்’ பூனை

*வாசுகி (9:12):* எல்லாருக்கும் காலை வணக்கம் 🙏 எங்க அக்கா பொண்ணு இன்ஸ்டாவுல "டீகப் பெர்ஷியன், 3 மாசக் குட்டி, இதுக்கு மேல வளராது"ன்னு விளம்பரம் பாத்துட்டு 35 ஆயிரம் அனுப்பட்டுமான்னு கேக்கறா. வீடியோ மேல போட்டிருக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

*டாக்டர் நிர்மலா (9:20):* முதல்ல பணத்தை அனுப்ப வேணாம்னு சொல்லுங்க வாசுகி. டீகப்னு ஒரு ஜாதியே கிடையாது, பெரிய பூனைச் சங்கம் எதுவும் அந்தப் பேரை ஏத்துக்கல. குட்டையா இருந்தா பெரும்பாலும் வயசுல பொய், பட்டினி, இல்லேன்னா எலும்புக் கோளாறு. சவலையாப் பொறந்ததுங்களையே ஒண்ணோட ஒண்ணு இணைசேத்துக் குட்டி எடுக்கறவங்களும் உண்டு. அப்படிப் பொறக்கறதுக்குப் பிறவிக் குறை வர வாய்ப்பு அதிகம்.

*ரஃபீக் பாய் (9:24):* வீடியோவ 0:14ல நிறுத்திப் பாருங்கம்மா. கண்ணு இன்னும் நீலம். சயாமீஸ், சில வெள்ளைப் பூனை தவிர மத்ததுக்கு ஆறேழு வாரத்துல நிறம் மாற ஆரம்பிச்சிடும். நடக்கறப்ப பின்னங்கால் தள்ளாடுது பாருங்க. மூணு மாசமாம்! நாலு வாரம் இருந்தா அதிகம்.

*ஜெரால்டு (9:31):* பாய் சொல்றது சரி. வயசு பாக்கப் பல்லும் தராசும் போதும். முன்பல் ரெண்டு மூணு வாரத்துல வரும், கோரைப்பல் மூணு நாலுல, கடைவாய்ப் பால்பல் அஞ்சாறு வாரத்துல. முன்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கறது மூணரை மாசத்துக்கு மேலதான். எடை பொறக்கும்போது 100 கிராம் பக்கம், அப்புறம் தினம் 10–15 கிராம் ஏறணும். நாலு வாரத்துல சுமார் 400, எட்டு வாரத்துல 800–900. மூணு மாசத்துக் குட்டி ஒரு கிலோவத் தாண்டியிருக்கணும். தராசுல வெச்சு, உதட்டத் தூக்கிக் காட்டி வீடியோ அனுப்பச் சொல்லுங்க.

*வாசுகி (9:33):* தடுப்பூசி போட்டாச்சுன்னு சொல்றாரே அண்ணா?

*ரஃபீக் பாய் (9:34):* முதல் ஊசியே 6–8 வாரத்துலதான். கார்டுல மருந்து பாட்டில் ஸ்டிக்கரும் டாக்டரோட பதிவு நம்பரும் இருக்கான்னு கேளுங்க.

*வாசுகி (9:40):* கேட்டா வேற என்னவோ அனுப்பியிருக்கார். "தினம் ரெண்டு ஸ்பூன் தீனி போதும், அதிகம் போட்டா பெருசாயிடும்"

*டாக்டர் நிர்மலா (9:47):* பட்டினி போடச் சொல்றார், வேறென்ன 😡 வளர்ற குட்டிக்கு கிலோவுக்குக் கணக்குப் போட்டா பெரிய பூனையவிட ரெண்டு மடங்குக்கு மேல தீனி வேணும். குறைச்சா எலும்பு வலுக்காது, நோயத் தாங்காது. இன்னொண்ணு, நம்ம வீடுகள்ல தயிர்சாதம், பால்சாதம்னே வளக்கறோம். பூனைக்கு டாரின்ங்கற சத்து மாமிசத்துலேருந்துதான் கிடைக்கும். அது இல்லாமப் போனா கண் பார்வை போகும், இதயத் தசை தளந்துடும். வெறும் சிக்கன் மட்டும் போட்டாலும் கால்சியம் பத்தாம எலும்பு முறியும். குட்டிக்குன்னு விக்கற தீனியே நல்லது.

*ஜெரால்டு (9:55):* ஒருவேளை குட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துட்டா இதைச் சேவ் பண்ணி வைங்க. நாலு வாரக் குட்டிக்கு நாலஞ்சு மணிக்கொரு தடவை பால் வேணும், ராத்திரியும். பசும்பால் வேணாம், பேதியாகி உடம்பு வத்திடும். பூனைக்குட்டிக்கான பால் பவுடர் வாங்குங்க. மல்லாக்கப் போட்டு ஊட்டினா நுரையீரலுக்குப் போயிடும், குப்புற இருக்கறப்பத்தான் ஊட்டணும். உடம்பு சில்லுன்னு, துவண்டு, வலிப்பு வந்தா சர்க்கரை இறங்கியிருக்கு. குளுக்கோஸ் தண்ணி ரெண்டு சொட்டு ஈறுல தேய்ங்க, வெந்நீர் பாட்டிலத் துணியில சுத்திப் பக்கத்துல வைங்க, உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. சில்லுன்னு இருக்கறப்ப மட்டும் பால் ஊட்டாதீங்க, செரிக்காது.

*வாசுகி (10:08):* நன்றி அண்ணா. இப்ப அவர் "டீகப் வேணாம்னா மஞ்ச்கின் இருக்கு, 80 ஆயிரம்"ங்கறார்.

*டாக்டர் நிர்மலா (10:21):* மஞ்ச்கின் நிஜமாவே குட்டைக்கால் ஜாதி. ஆனா அந்தக் காலே ஒரு மரபுக் கோளாறுதான். கோளாறான ஜீன் ஒரு பக்கத்துலேருந்து வந்தா கால் குட்டை. தாய் தகப்பன் ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்தா கரு வயித்துக்குள்ளயே அழிஞ்சிடும். ரெண்டு மஞ்ச்கினைச் சேத்தா நாலுல ஒரு கரு அப்படித்தான் போகும். சிலதுக்கு முதுகெலும்பு உள்வாங்கும், நெஞ்செலும்பு குழிஞ்சு மூச்சு முட்டும், முழங்கை மூட்டு சீக்கிரமே தேயும். பெரிய பூனைச் சங்கங்கள்ல டிக்கா 2003ல போட்டிக்கு ஏத்துக்கிச்சு, சிஎஃப்ஏங்கற இன்னொரு சங்கம் இன்னிக்கு வரைக்கும் ஏத்துக்கல.

*சுதா 3வது மாடி (10:24):* எங்க ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட இருக்கே, ஜாலியா ஓடுதே மேடம்?

*டாக்டர் நிர்மலா (10:30):* ஓடும் சுதா. பூனை வலிய வெளிய காட்டாது. சோபாவுலேருந்து குதிக்கறதுக்கு முன்னாடி தயங்குதா, இடுப்புப் பக்கம் நக்க முடியாம முடி சிக்கு விழுதா, மணல் தட்டுக்குள்ள ஏறாம வெளியவே போகுதான்னு பாக்கச் சொல்லுங்க. தட்டு விளிம்பு தாழ்வா இருக்கணும், கட்டிலுக்குச் சாய்வுப் பலகை போடணும், எடை ஏறவிடக் கூடாது. கருத்தடை கட்டாயம். வலிக்குதுன்னு மனுஷங்க சாப்பிடற பாராசிட்டமால் குடுத்துடாதீங்க, அரை மாத்திரையே உயிரெடுக்கும்.

*ரஃபீக் பாய் (10:34):* காது மடிஞ்ச ஸ்காட்டிஷ் ஃபோல்டும் அதே கதைதான். குருத்தெலும்பு கெட்டிருக்கறதாலதான் காது மடியுது, அதே கோளாறு வால்லயும் கால் மூட்டுலயும் இருக்கும். நெதர்லாந்துல 2026 ஜனவரி 1லேருந்து புதுசா வாங்கி வளக்கவே தடை. இங்க கேக்க ஆளில்லாம விக்கறாங்க.

*கோதண்டம் மாமா (10:41):* இயற்கையாவே சின்னதா ஒரு பூனையும் கிடையாதா டாக்டரம்மா?

*டாக்டர் நிர்மலா (10:46):* சிங்கப்பூரா ஜாதி இருக்கு மாமா, பெண் பூனை ரெண்டு கிலோ பக்கம். அதவிடச் சின்னது நம்ம காட்டுலயே இருக்கு, துரும்பன் பூனை. வளந்ததே ஒண்ணு, ஒண்ணரை கிலோதான். ஆனா வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, தொட்டாலே வழக்கு. கரும்பு வெட்டறப்ப குட்டி கிடைச்சா எடுத்துட்டு வராம வனத்துறைக்குச் சொல்லணும். பெரும்பாலும் தாய் ராத்திரி வந்து தூக்கிட்டுப் போயிடும்.

*ரஃபீக் பாய் (10:52):* வாசுகிம்மா, கடைன்னா 2018 செல்லப்பிராணிக் கடை விதிப்படி மாநில விலங்கு நல வாரியப் பதிவு இருக்கணும். நம்பரக் கேளுங்க, தாய்ப்பூனையோட வீடியோவும் கேளுங்க.

*வாசுகி (11:05):* ரெண்டும் கேட்டேன். பிளாக் பண்ணிட்டார் 😂

*ஜெரால்டு (11:07):* நல்லதாப் போச்சு. சின்னதா வேணும்னா நாட்டுப் பெண் பூனையே மூணு கிலோ பக்கந்தான் நிக்கும். பி பிளாக் ஜெனரேட்டர் ரூம் பின்னாடி ஒரு சாம்பல் பெண் பூனை இருக்கு, கருத்தடை ஆச்சு, ரேபிஸ் ஊசி போட்டாச்சு. பாப்பாவ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அனுப்புங்க. தூக்கிட்டுப் போகக் கூடை கொண்டு வரச் சொல்லுங்க, அட்டைப்பெட்டி வேணாம், கிழிச்சிட்டு ஓடிடும்.