கிளட்ச் தேய்ந்துவிட்டதா, இன்னும் ஓடுமா? மலேசியாவின் சுங்கை சிப்புட் வாகனமோட்டிகளின் அனுபவப் பகிர்வு

லிந்தாங் சாலைவாசி:
ஈப்போவில் அத்தையை ஏற்றிக்கொண்டு தைப்பிங்கில் ஒரு திருமணத்திற்குப் போய்க்கொண்டிருந்தோம். மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் நெடுஞ்சாலையில், முன்னால் ஊர்ந்த லோரியை முந்துவதற்காக என் பழைய வீரா காரை ஐந்தாவது கியரிலேயே அழுத்தி மிதித்தேன். இயந்திரச் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் 3000-இலிருந்து 4000-க்குத் தாவியது. வேகமானி முள்ளோ இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இயந்திரம் அலறியது, வண்டி மட்டும் அந்த லோரியின் பின்னாலேயே நின்றது; கிளட்ச் வழுக்குகிறது என்று புரிந்தது. பின்னிருக்கையிலிருந்த அத்தை கருகல் நெடியில் மூக்கைச் சுளித்து, "யாரப்பா இங்கே புகைக்கொட்டகை போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். தோட்டத்தில் ரப்பர் ஷீட் புகைபோட்ட காலத்து நெடி அவருக்கு இன்னும் மறக்கவில்லை. காலைத் தளர்த்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது. மறுவாரம் பட்டறைக்காரர் சந்தைப் பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். சமதரையில், தனியாளாக, மூன்றாவது கியரில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை நான் எப்படி நம்புவது?

கஞ்சில்காரன்:
எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. என் கஞ்சில் காரில் கிளட்ச் பெடலை முழுவதும் விட்ட பிறகுதான் வண்டி நகரத் தொடங்கும்; ஏற்றத்தில் லேசாக வழுக்கவும் செய்தது. இரண்டையும் கேட்ட பட்டறைத் தவுக்கே (முதலாளி), வண்டியைத் தொடாமலேயே, கியர்பாக்ஸை இறக்கி முழு கிளட்ச் செட்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு வரிசையில், தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் இருக்கையில்கூட அமரவில்லை; கதவைத் திறந்து குனிந்து, கிளட்ச் பெடலை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். தொடக்கத்தில் இருக்க வேண்டிய அந்தச் சிறிய தளர்வு அறவே இல்லை. பெடலையும் கிளட்சையும் இணைக்கும் கேபிள் இறுகிப்போனதால், நான் காலை எடுத்த பிறகும், கிளட்சை விடுவிக்கும் பேரிங், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கத்து நட்டைச் சற்றுத் தளர்த்திக் கொடுத்தார், வழுக்கல் நின்றது. கூலி கேட்டதற்கு ஒரு தேநீர் போதும் என்றார்.

உரமூட்டை:
கஞ்சில்காரச் சகோதரர் மன்னிக்க வேண்டும். அந்தப் பெரியவர் செய்தது சரியே, ஆனால் கிளட்ச் தேயவே இல்லை என்று நீங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு பாதிதான் சரி. கேபிளின் தளர்வு எங்கே போயிற்று என்று கேட்டீர்களா? பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட், இயந்திரத்தோடு சுழலும் பிளைவீல் பக்கம் நகர்கிறது, அதன் விரல்கள் பேரிங்கை நோக்கி வெளியே வருகின்றன. அப்படித்தான் தளர்வு கரைகிறது. முன்பு யாராவது கேபிளை அளவுக்குமீறி இறுக்கி வைத்திருந்தால் ஒழிய, தளர்வு மறைந்ததே தேய்மானத்தின் அடையாளம். நட்டைத் திருப்பி நீங்கள் வாங்கியது அவகாசம், புதிய பிளேட் அன்று. எங்கள் தோட்டத்துப் பிக்கப்பில் கேபிளே கிடையாது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச். அது தேய்மானத்தைத் தானே ஈடுசெய்துகொள்வதால், பெடல் கடைசிவரை புதிது போலவே இருந்தது. செம்பனைக் காட்டுக்குள் உரமூட்டைகளோடு செம்மண் மேட்டில் ஏறியபோது சக்கரம் முன்னோக்கிச் சுழலவில்லை, வண்டி பின்னோக்கி வழிந்தது, அன்றுதான் தெரிந்தது. இறக்கிப் பார்த்தபோது தேய்ந்த பிளேட்டின் ரிவெட்டுகள் பிளைவீலில் வட்டம் வட்டமாகக் கோடு கிழித்திருந்தன. லேத்தில் கொடுத்து பிளைவீலின் முகத்தைச் சீவ வேண்டியதாயிற்று. சற்று முன்னதாகப் பிரித்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை:
நீங்கள் எல்லோரும் வழுக்கலைப் பற்றியே பேசுகிறீர்கள். என் காரில் காலையில் ரிவர்ஸ் போட்டால் பற்கள் கரகரவென்று அரைபட்டன. பள்ளி வாசலில் மாணவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குச் சத்தம். "கிளட்ச் போய்விட்டது, டீச்சர்" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். அன்று மாலை காரைவிட்டு இறங்கும்போது என் செருப்பு கால்விரிப்பில் வழுக்கியது. பெடலுக்கு மேலுள்ள, கிளட்சுக்கு எண்ணெய் அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எண்ணெய் கசிந்து, தண்டு வழியே வழிந்து விரிப்பை நனைத்திருந்தது. கிளட்ச் பிடிக்காமல் போவது வேறு, விடுபடாமல் போவது வேறு என்று அன்று புரிந்துகொண்டேன். எனக்கு இருந்தது இரண்டாவது. தேய்ந்த பிளேட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிலிண்டரை மாற்றிக் காற்றை வெளியேற்றியதும் ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்தது.

பட்டறை வீட்டுப் பிள்ளை:
என் கதை சிறியது: முதல் கியரில் கிளம்பும்போது வண்டி உதறியது, இறக்கிப் பார்த்தால் இயந்திரத்தின் கிராங்க் தண்டுப் பின்புற ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் படிந்திருந்தது, பிளேட்டில் கனம் நிறையவே மிச்சமிருந்தும் அதைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் சத்தத்தைக் கேளுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது இரைந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் உள்தண்டுப் பேரிங்கைச் சந்தேகியுங்கள். வழுக்குகிறதா என்று அறிய, கைபிரேக்கை இழுத்து, நான்காவது கியர் போட்டு, மெதுவாகப் பெடலை விட்டுப் பாருங்கள். இயந்திரம் உடனே நின்றால் நல்லது, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் தீர்ந்தது. திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், நல்ல பிளேட்டும் கருகிவிடும். மாற்றுவதென்று முடிவானால் பிளேட், கவர் (பிரஷர் பிளேட்), பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலியில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான் போகிறது. பேரிங்கில் மிச்சம் பிடித்தவர் அதே கூலியை மறுபடியும் கொடுப்பார். இறக்கியிருக்கும் போதே ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பிளேட்டைக் கேட்டு வாங்கி ரிவெட் தலையின் ஆழத்தைப் பாருங்கள்; பிளேட்டின் மேற்பரப்பிலிருந்து ரிவெட் தலைக்கு 0.3 மில்லிமீட்டர் ஆழமே இருந்தால் மாற்றிவிட வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. கைபிரேக் இருக்க, மேட்டில் கிளட்சைப் பாதி பிடித்து வண்டியை நிறுத்துகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர்களால்தான் என் தகப்பனார் வீடு கட்டினார்.

லிந்தாங் சாலைவாசி:
மேலே பரிந்துரைத்த கைபிரேக் சோதனையைப் பட்டறைக்காரர் என் கண் முன்னாலேயே செய்தார், தம்பி. வீரா உடனே நின்றுவிட்டது. மெதுவாக ஓடும் இயந்திரத்தின் சிறிய விசையைப் பாதி தேய்ந்த கிளட்சும் தாங்கிவிடுகிறது. முழுச் சுமையோடு, மேட்டில், சூடேறிய பிறகு பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். நேற்று அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதும் மிதித்துக் காட்டினேன். முள் தாவியதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்.

கஞ்சில்காரன்:
உரமூட்டை அண்ணன் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அவகாசம் வாங்குவதில் என்ன தவறு? வழுக்காத கிளட்சைப் பிரிக்கும் பணத்தில் இரண்டு டயர் போடலாம். மாதத்துக்கு ஒருமுறை பெடலின் தளர்வை விரலால் பார்த்துக்கொள்கிறேன். நட்டில் திருப்ப இடம் இல்லாமல் போகும்போது தவுக்கேயிடம் நானே போகிறேன்.