எம்ஜிபியை வீட்டுப் போர்ச்சிலேயே ஸ்டாண்டில் ஏற்றலாமா?

கார்டன்காரன்:
வணக்கம். என்னிடம் 1973 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் கார், இருக்கிறது. குரோம் பம்பர், கம்பிச் சக்கரம், சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்தது. வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம் என்பதால் மற்ற நாளெல்லாம் போர்ச்சில்தான் கிடக்கிறது. இப்போது கிளட்ச்சை எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது, பின்பக்க பிரேக் ஷூவும் தேய்ந்துவிட்டது. பட்டறையில் விட்டால் வாரக்கணக்கில் திரும்பி வராது. அதனால் நாலு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி நானே பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

போர்ச்சில் டைல்ஸ், கேட் பக்கம் லேசான சரிவு. ட்ராலி ஜாக்கியும் நாலு ஸ்டாண்டும் வாங்கியாகிவிட்டது. காரோடு வந்த பக்கவாட்டு ஜாக்கியும் இருக்கிறது. எங்கே ஜாக்கி கொடுப்பது, எங்கே ஸ்டாண்ட் வைப்பது? "நீங்க அடியில படுத்திருக்கிற வரைக்கும் நான் கடைக்குக்கூடப் போகமாட்டேன்" என்கிறாள் மனைவி.

ஈசூன் புளோக்வாசி:
தரைவீடு உள்ளவர்களுக்கு என்ன கவலை! எங்கள் அடுக்குமாடிக் கார்பார்க்கில் பானெட்டைத் திறந்தாலே நாலு பேர் வந்து நிற்பார்கள். நானாக இருந்தால் காக்கி புக்கிட் பக்கம் லிஃப்ட் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுவேன். காசு போனால் போகட்டும்.

பழைய ஸ்பேனர்:
தம்பி கார்டன்காரன், தாராளமாகச் செய்யலாம். ஆனால் நாலையும் ஒரே நேரத்தில் ஏன் தூக்க வேண்டும்? ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கிறது, முன்பக்கம் உயர்ந்தாலே கை போகும். ஷூவுக்குப் பின்பக்கம் போதும். ஒரு சனிக்கிழமை அது, அடுத்த சனிக்கிழமை இது. முன்னால் ஸ்டாண்டில் நிற்கும் காரைப் பின்னால் தூக்கினால் முன் ஸ்டாண்டுகள் சாய ஆரம்பிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தூக்க வேண்டும். தெரிந்தவன் செய்வான், உங்களுக்கு இப்போது அது தேவையே இல்லை.

காரைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். நம் ஊர் போர்ச்சுகள் மழைத் தண்ணீர் கால்வாய்க்கு ஓட வேண்டும் என்று சரித்துக் கட்டியவை. வீட்டுச் சுவரோரம் பெரும்பாலும் சரிவு குறைவாக இருக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, காரை முடிந்தவரை உள்ளே தள்ளி நிறுத்துங்கள். அங்கேயும் சரிவு இருந்தால் வேலையை விட்டுவிடுங்கள், ஈசூன்காரர் சொன்னபடி பட்டறைக்கே போங்கள்.

அப்புறம் டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காலியான சத்தம் கேட்டால் அடியில் சிமெண்ட் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஸ்டாண்டின் கால் நாலு முனையில்தான் பாரத்தை இறக்கும், டைல் உடைந்தால் ஸ்டாண்டும் சாயும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஸ்டாண்டைவிட அகலமாக வெட்டி அடியில் போடுங்கள்.

ஜாக்கிக்கும் ஒரே துண்டாக நீளப் பலகை வேண்டும். ஜாக்கியின் கை நேராக மேலே போகாது, வளைந்து ஏறும். அதற்கு ஏற்ப ஜாக்கி காருக்கு அடியில் மெதுவாக உருள வேண்டும், சக்கரம் வைத்திருப்பதே அதற்குத்தான். டைல்ஸ் இடுக்கில் சக்கரம் மாட்டிக்கொண்டால் ஜாக்கி நிற்கும், கார் நகரும். மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் அன்றைக்கு ஜாக்கியைத் தொடாதீர்கள்.

முன்பக்கம்: ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை முன் கிராஸ்மெம்பரின் (முன்சக்கரங்களுக்கு நடுவே குறுக்கே ஓடும் கனமான சட்டம்) நடுவில், மேலே ஒரு மரத்துண்டோடு கொடுங்கள். சம்ப், அதாவது இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி, பக்கம் போகவே கூடாது. கிராஸ்மெம்பருக்குப் பின்னால் ஓடும் சட்டங்களின் அடியில் ஸ்டாண்ட்.

தூக்கும்போது கதவைப் பாருங்கள். ரோட்ஸ்டருக்குக் கூரை கிடையாது, உடம்பைத் தாங்குவதே கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான். கதவின் பின் விளிம்பில், மேல் மூலையில் இடுக்கு குறுகிக்கொண்டே வந்தால் உள்ளே துரு தின்றுவிட்டது. உடனே இறக்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பக்கவாட்டு ஜாக்கி பாரம் கொடுப்பதும் அந்தப் பகுதியில்தான். சாலையில் டயர் பஞ்சரானால் மாற்ற அது போதும், அதை நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது.

பின்பக்கம்: ஷூ மாற்ற ஹேண்ட்பிரேக்கை விட்டாக வேண்டும். போட்டு வைத்தாலும் அதுவும் கியரும் பிடிப்பது பின்சக்கரத்தைத்தான், அது அந்தரத்தில் இருக்கிறது. ஆக, காரை நிறுத்தி வைப்பது முன்சக்கரக் கட்டை மட்டுமே. அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜாக்கி டிஃபரன்ஷியல் (பின் ஆக்சில் நடுவில் உருண்டையாக இருக்கும் பல்சக்கரப் பெட்டி) அடியில், ஸ்டாண்ட் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை பாடியில் சேரும் இடத்தில்.

ஜூரோங் ராத்திரி ஷிப்ட்:
ஸ்பேனர் அண்ணே, ஷூ வேலைக்கு ஸ்டாண்டை ஆக்சில் குழாய்க்கே கொடுக்கலாமே? பாரம் ஸ்பிரிங் மேலேயே இருக்கும், ஆக்சில் தொங்காது.

பழைய ஸ்பேனர்:
சரிதான், கொடுக்கலாம். ஆனால் ஆக்சில் மேலேயே பிரேக் பைப் ஓடுகிறது. ஸ்டாண்டின் தலை அதை நசுக்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். ஷூ மாற்றப் போய் பைப் மாற்றுகிற கதை ஆகிவிடும்.

ஸ்டாண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் எழுதியிருக்கும் டன் கணக்கு சிலவற்றில் ஜோடிக்கு உரியது. உங்கள் கார் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு, அதனால் எடை பிரச்சினையில்லை. ஸ்டாண்டை உயரத்தில் பிடித்து நிறுத்தும் பல் முழுசாக உட்கார்ந்ததா என்பதுதான் விஷயம். 2020-ல் அமெரிக்காவில் பல் நழுவுகிறது என்று லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். குறுக்கே ஒரு இரும்புப் பின்னும் செருகும் வகை என்றால் இன்னும் நல்லது. ஸ்டாண்டில் இறக்கியதும் காரைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள், விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஜாக்கியை எடுத்துவிடாமல் லேசாகத் தொட்டபடி விட்டுவையுங்கள், கழற்றிய சக்கரத்தை சில் அடியில் படுக்கப் போடுங்கள்.

கார்டன்காரன்:
நன்றி அங்கிள். தட்டிப் பார்த்தேன், கேட் பக்கம் மூன்று டைல் காலிச் சத்தம். சுவரோரம் கெட்டியாக இருக்கிறது, மட்டமும் சரி. கம்பிச் சக்கரத்தின் நடு நட்டைத் தூக்கிய பிறகு தட்டலாமா?

பழைய ஸ்பேனர்:
தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போது, செம்புச் சுத்தியலால் தட்டி இளக்கிவிடுங்கள். ஸ்டாண்டில் நிற்கிற காரைச் சுத்தியலால் அடிக்கவே கூடாது. இடப்பக்கமும் வலப்பக்கமும் மரை வேறு. கழற்றும் திசைக்கு நட்டின் மேலேயே அம்புக்குறி இருக்கும், அழுக்கைத் துடைத்தால் தெரியும்.